ஸ்க்ரூடிரைவர் முதல் சான்றிதழ் வரை: மெஷின் அதிர்வைப் படிக்கக் கற்ற வரலாறு

நான் பி.காம் படிப்பவன். மெஷின் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரைக்கான காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

என் அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஓடுகிற மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இருக்கும் கருவி ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். நுனியை பேரிங் வீட்டின் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். சில வருடங்களுக்கு முன் ஒரு நைட் ஷிஃப்டில் ஃபர்னஸ் புளோயரை இப்படிக் கேட்டுவிட்டு, "நிறுத்திப் பார்த்துடலாம் சார், பேரிங் கத்துது" என்று சொல்லியிருக்கிறார். ஷிஃப்ட் இன்சார்ஜ் இளம் இன்ஜினியர், நல்ல பையன்தான். "ரீடிங் எவ்வளவுண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவிடம் ரீடிங் இல்லை. மெஷின் ஓடியது. மூன்றாம் நாள் பேரிங் பிடித்துக்கொண்டு ஷாஃப்டும் கெட்டு, மில் ஒன்றரை நாள் நின்றது.

அப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "அந்தப் பையன் கேட்டதும் சரிதான். நான் சொன்னதை வெச்சு அவன் மேல யாருக்கு பதில் சொல்லுவான்?" என்றார். அந்த வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. தெரிந்திருப்பது ஒன்று. தெரிந்ததை இன்னொருவர் நம்பும்படி சொல்ல முடிவது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதற்காக வந்ததுதான் அதிர்வுப் பகுப்பாய்வு என்ற துறையும் அதற்கான பயிற்சியும் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது.

நம் ஊரில் சுழலும் இரும்பு

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரும் இந்தப் பாதையைச் சுற்றி எவ்வளவு இரும்பு சுழல்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மணலியில் 1965-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-ல் எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1970-ல் ஓடியது. மொத்தம் 450 மெகாவாட்டாக வளர்ந்த அந்த நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே வல்லூரில் 500 மெகாவாட் யூனிட்கள் மூன்று. அதையும் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் கம்பி மில்களும்.

இங்கெல்லாம் பம்ப், கம்ப்ரசர், ஃபேன், டர்பைன், கியர்பாக்ஸ் என்று ஏதாவது ஒன்று இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுகிற எதுவும் கொஞ்சமாவது ஆடும். எவ்வளவு ஆடலாம், எப்போது பயப்பட வேண்டும் என்பதுதான் கேள்வி. இதற்கு விடை கண்டுபிடிக்க உலகத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியிருக்கிறது.

தவறான ஒரு கணக்கும் ஒரு சுவீடன்காரரும்

1869-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கின், சுழலும் ஷாஃப்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நீராவி எஞ்சின் படித்தவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு, அதைத் தாண்டி ஓட்டினால் ஷாஃப்ட் வளைந்துகொண்டே போகும், எனவே தாண்டவே முடியாது என்பது அவர் முடிவு. பெரிய மனிதர் சொன்னது. கணக்கு தவறு.

1889-ல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் தெ லாவால் தன் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெல்லிய, வளையக்கூடிய ஷாஃப்டைப் போட்டார். நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடிய டர்பைன் அது. எல்லை வேகத்தில் நடுங்கியது, அதைத் தாண்டியதும் அடங்கி அமைதியாகச் சுற்றியது.

இதைப் பார்க்க லேபுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழிய ஆரம்பிக்கும்போது கவனியுங்கள். வேகம் ஏறும்போது ஒரு கட்டத்தில் தடதடவென்று குதிக்கும், இன்னும் வேகம் ஏறியதும் அமைதியாகிவிடும். அந்தக் குதிக்கும் வேகத்தைத்தான் கிரிட்டிக்கல் ஸ்பீட் என்கிறார்கள்.

1894-ல் இங்கிலாந்தில் டங்கர்லி பரிசோதனைகள் செய்து இந்த வேகத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தார். 1895-ல் ஜெர்மனியின் ஃபெப்பல், எல்லையைத் தாண்டியும் ஷாஃப்ட் நிலையாகச் சுற்றும் என்று காட்டினார். ஆங்கிலம் படிக்கும் உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1919-ல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜெஃப்காட் எழுதிய பிறகுதான் விஷயம் தெளிவானது. ராங்கினின் கட்டுரைக்கு அப்போது ஐம்பது வயது. நடுவில் 1889-லேயே ஒருவர் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஓட்டிக் காட்டுவது மட்டும் போதவில்லை, அதைச் சொல்ல ஒரு மொழி தேவைப்பட்டது. அப்பாவின் புளோயர் கதையும் இதேதான்.

இந்த வரலாறு முழுவதையும் நம் நாட்டுப் பேராசிரியர் ஜே.எஸ். ராவ் ஒரு புத்தகமாகவே எழுதி 2011-ல் வெளியிட்டிருக்கிறார். ரோட்டார் டைனமிக்ஸ் பற்றி 1983-ல் அவர் எழுதிய பாடநூலும் இந்தத் துறையினருக்கு நன்கு தெரிந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி போட்ட கோடு

இனி வருவதுதான் காமர்ஸ் மாணவனான என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பைன்கள் பெரிதாகிக்கொண்டே போயின. நன்றாக ஓடுகிறதா என்று பார்க்கக் கையை வைத்துப் பார்ப்பார்கள், காதால் கேட்பார்கள், உடம்பின் மேல் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிற்க வைத்துக் காட்டுவார்கள். அதிர்வை அளக்கக் கருவிகள் வந்தாலும், அளந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆளில்லை.

சொன்னவர் டி.சி. ராத்போன். அவர் கல்லூரிப் பேராசிரியரும் இல்லை, டர்பைன் செய்கிற கம்பெனிக்காரரும் இல்லை. நியூயார்க்கின் ஃபிடலிட்டி அண்ட் கேஷுவல்டி என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டர்பைன் மற்றும் மெஷினரி பிரிவின் தலைமை இன்ஜினியர். 1939-ல் ஒரு தொழில் பத்திரிகையில் ஒரு வரைபடம் வெளியிட்டார். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் ஆட்டத்தின் அளவு. நடுவில் சாய்வான கோடுகள். கோடுகளுக்கு இடையில் சாதாரண வார்த்தைகள்: மிக மென்மை, நல்லது, பரவாயில்லை, கொஞ்சம் கரடு, கரடு, மிகவும் கரடு.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. மெஷின் உடைந்தால் பணம் கொடுக்க வேண்டியவர் இன்ஷூரன்ஸ்காரர். பல ஊர் மெஷின்களைப் பார்க்கிறவரும் அவரே. ஒரு மில் ஃபிட்டருக்குத் தன் மெஷின் தெரியும், ஆனால் இன்ஷூரன்ஸ் இன்ஜினியருக்கு நூறு மில்களின் மெஷின்கள் தெரியும். அந்த நூறு ஃபிட்டர்களின் கை சொன்னதை எல்லாம் ஒரே தாளில் எண்ணாக மாற்றியதுதான் ராத்போனின் வேலை. வார்த்தைகளை அவர் தூக்கிப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

அந்தத் தாளின் வாரிசுகள்தான் பிறகு வந்த தரநிலைகள். 1964-ல் ஜெர்மனியின் வி.டி.ஐ. 2056. அதை ஒட்டி 1974-ல் ஐ.எஸ்.ஓ. 2372. அதற்குப் பதிலாக 1995-ல் ஐ.எஸ்.ஓ. 10816 வரிசை தொடங்கியது. 2016 முதல் அது 20816 என்ற எண்ணுக்கு மாறி வருகிறது. உதாரணமாக 10816-ன் மூன்றாம் பாகத்தில், 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய மெஷின் உறுதியான அடித்தளத்தில் இருந்தால், பேரிங்கின் அதிர்வு வேகம் வினாடிக்கு 2.3 மில்லிமீட்டர் வரை புது மெஷின் போல. 4.5 வரை கவலையின்றி ஓட்டலாம். 7.1 வரை கொஞ்ச நாள்தான், சரிசெய்ய நேரம் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆபத்து.

எண்ணிலிருந்து நோய்க்கு

எண் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும். என்ன காய்ச்சல் என்று சொல்லாது. அதற்கு இன்னும் ஒரு படி தேவைப்பட்டது.

1961-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டான் பென்ட்லி, ஷாஃப்டைத் தொடாமலே அது எவ்வளவு நகர்கிறது என்று மின்சாரத்தால் அளக்கும் சென்சார்களைச் செய்யும் கம்பெனியை நிலைநிறுத்தினார். 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர், ஒரு சிக்கலான அலையை அதன் தனித்தனி அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கைக் கம்ப்யூட்டர் வேகமாகச் செய்ய வழி சொன்னார்கள். எஃப்.எஃப்.டி. என்று சொல்லப்படுவது இதைத்தான். 1980-களில் கையில் தூக்கிப் போகும் கருவிகளுக்குள் இந்தக் கணக்கு புகுந்தது.

இதனால் என்ன பயன்? சினிமாப் பாட்டில் தவில், வயலின், புல்லாங்குழல் சேர்ந்து கேட்கும்போது பழகிய காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும் இல்லையா, அதுதான். நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும் மோட்டார் வினாடிக்குச் சுமார் 24.7 தடவை சுற்றுகிறது. அதிர்வு அதே 24.7-ல் தூக்கலாக இருந்தால் எடை ஒரு பக்கமாக இருக்கலாம், பேலன்ஸ் செய்ய வேண்டும். அதன் இரண்டு மடங்கில் தூக்கலாக இருந்தால் மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். சுற்று வேகத்தின் முழு மடங்காக இல்லாத உயர்ந்த அலைவெண்களில் வந்தால் பேரிங்கின் உருளையோ வளையமோ பொத்துப்போக ஆரம்பித்திருக்கலாம். அப்பா "கத்துது" என்று சொன்னது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

"இருக்கலாம்" என்று நான் மூன்று தடவை எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அறிகுறிக்குப் பல காரணம் உண்டு. ஆட்டம் கொடுப்பது தளர்ந்த அடித்தளப் போல்ட்டாகவும் இருக்கலாம். கருவி வாங்கினால் மட்டும் போதாமல் ஆளைப் பயிற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

நரோராவும் சைபீரியாவும்

நம் மாநிலத்தில் இதற்கான வேர் நெய்வேலியில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி மின்நிலையம் 1962-ல் ஓட ஆரம்பித்தது. அதை ஒட்டி 1965-ல் அனல்மின் நிலையப் பணியாளர்களுக்கான பயிற்சி நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய மின்திறன் பயிற்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். பிறகு நம் மாவட்டத்திலேயே வடசென்னை அனல்மின் நிலைய வளாகத்தில் மின்வாரியத்தின் அனல்மின் பயிற்சி நிலையம் வந்தது.

பயிற்சி ஏன் உயிர்ப் பிரச்சினை என்று காட்ட இரண்டு சம்பவங்கள் போதும்.

1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம். முதல் யூனிட்டின் டர்பைனில் கடைசி வரிசை பிளேடுகள் இரண்டு, உலோகக் களைப்பால் முறிந்தன. நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் இரண்டு பிளேடு போனால் எடை எப்படி ஒரு பக்கம் சாயும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அதிர்வில் ஜெனரேட்டரின் சீல்கள் கெட்டு, உள்ளே இருந்த ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெய் எரிந்தது, கேபிள்கள் எரிந்தன. சுமார் 17 மணி நேரம் அந்த யூனிட்டுக்கு மின்சாரமே இல்லை. பணியாளர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஓடியாடி, டீசல் தீயணைப்பு பம்புகளால் தண்ணீர் அனுப்பி அணு உலையைக் காப்பாற்றினார்கள். வெளியே கதிரியக்கப் பாதிப்பு இல்லை. இதில் ஒரு பாடம் உண்டு. பிளேடில் விழும் வெடிப்பை பேரிங்கில் வைக்கும் மீட்டர் முன்கூட்டியே காட்டும் என்று சொல்ல முடியாது. பிளேடின் இயல்பான அலைவெண்ணைச் சோதிப்பது, அதே வடிவமைப்புள்ள மற்ற டர்பைன்களுக்கு என்ன ஆனது என்று விசாரிப்பது எல்லாம் தேவை. மீட்டர் எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியின் ஒரு பாகம்.

2009 ஆகஸ்ட் 17, சைபீரியாவின் சயனோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். இரண்டாம் எண் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்கள் அறுந்து, டர்பைன் தன் குழியிலிருந்து மேலே தூக்கி எறியப்பட்டது. தண்ணீர் புகுந்து 75 பேர் இறந்தார்கள். ரஷ்ய விசாரணை அறிக்கையின்படி, அந்த பேரிங்கில் அனுமதிக்கப்பட்ட அதிர்வு 160 மைக்ரான். விபத்துக்குச் சற்று முன் சென்சார் காட்டியது 840. போல்ட்களில் பெரும்பாலானவற்றில் நாள்பட்ட களைப்பு வெடிப்புகள் இருந்தன.

கும்மிடிப்பூண்டியில் என் அப்பாவுக்குத் தெரிந்தது, ஆனால் எண் இல்லை. சைபீரியாவில் எண் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. காதும் எண்ணும் சேர வேண்டும். அதோடு "நிறுத்து" என்று சொல்கிறவரின் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். பயிற்சி என்பது இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் சேர்க்கும் வேலை.

சான்றிதழ் வந்தது

அமெரிக்காவில் 1970-களில் இதற்கென்றே வைப்ரேஷன் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு உருவாகி வகுப்புகளும் தேர்வுகளும் நடத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு விதமாகச் சான்றிதழ் கொடுத்ததால், 2003-ல் ஐ.எஸ்.ஓ. 18436-2 என்ற பொதுத் தரநிலை வந்தது. 2014-ல் அது திருத்தப்பட்டது.

இதில் நான்கு நிலைகள். முதல் நிலைக்கு 30 மணி நேர வகுப்பும் 6 மாத அனுபவமும் வேண்டும். இரண்டாவதற்கு 38 மணி நேரம், 18 மாதம். மூன்றாவதற்கு 38 மணி நேரம், 36 மாதம். நான்காவதற்கு 64 மணி நேரம், 60 மாதம். முதல் நிலை ஆள் குறித்த இடத்தில் சரியாக சென்சாரை வைத்து ரீடிங் எடுப்பார், அளவு மீறினால் சொல்வார். இரண்டாம் நிலை ஆள் சாதாரணக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பார், பேலன்ஸ் செய்வார். மேலே போகப் போக ரோட்டாரின் இயக்கவியல் வரை படிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அனுபவ மாதங்கள். வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, மெஷின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று தரநிலையே ஒப்புக்கொள்கிறது. முப்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவருக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்! அவரிடம் இல்லாதது 30 மணி நேரம் மட்டும்தான்.

லெட்ஜரில் ஒரு சங்கடம்

அந்த 30 மணி நேரம் ஏன் கிடைப்பதில்லை? என் பாடத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. கம்பெனி ஒரு அதிர்வு அனலைசர் வாங்கினால் அது சொத்து. வருடா வருடம் தேய்மானம் கழிப்போம். அதை இயக்க ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் அது செலவு. நம் கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 26 பயிற்சிச் செலவைச் சொத்தாகக் காட்டக் கூடாது, அந்த வருடச் செலவாகவே எழுத வேண்டும் என்கிறது. காரணம் நியாயமானது. பயிற்சி பெற்றவர் நாளைக்கே வேலையை விட்டுப் போகலாம். ஆனால் இதனால் பேலன்ஸ் ஷீட்டில் கருவி தெரியும், கருவியைப் படிக்கத் தெரிந்தவர் தெரியமாட்டார். அதுவும் அவர் காண்ட்ராக்டில் வேலை செய்பவர் என்றால் அவர் யாருடைய செலவு என்பதே பெரிய கேள்வி. எங்கள் பக்கத்தில் ரீடிங் எடுக்கும் கைகளில் பல, காண்ட்ராக்ட் கைகள்.

இன்ஷூரன்ஸ் பக்கம் பார்த்தாலும் அதே கதைதான். மெஷினரி பிரேக்டவுன் பாலிசிகள் பொதுவாகத் தேய்மானத்தால் வரும் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. மெஷினை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை என்றும் நிபந்தனை உண்டு. மாதா மாதம் எடுத்த ரீடிங் புத்தகம் இருந்தால் அது அந்தக் கடமைக்குச் சாட்சி. ராத்போன் அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தாரோ, அந்த நாற்காலியிலிருந்து இன்றும் இதே கேள்விதான் வருகிறது: ரீடிங் எவ்வளவு?

அப்பாவின் நோட்டு

அந்த புளோயர் சம்பவத்துக்குப் பிறகு மில்லில் பேனா மாதிரி ஒரு சின்ன அதிர்வு மீட்டர் வாங்கினார்கள். வகுப்புக்கு இரண்டு இன்ஜினியர்கள் போய்வந்தார்கள். அப்பா போகவில்லை, அவர் காண்ட்ராக்டர் ரோலில் இருப்பவர். ஆனால் அந்த இளம் இன்ஜினியரே உணவு இடைவேளையில் மீட்டரை எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார். இப்போது அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் வாரா வாரம் ரீடிங் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நான் எக்செல்லில் ஏற்றி கிராஃப் போட்டுக் கொடுக்கிறேன்.

நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் யாரும் சொல்லாமலே இன்னொரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். 2.1, அமைதி. 3.4, லேசா கரகரப்பு. 5.2, விசில். ராத்போன் தன் தாளில் செய்ததும் இதைத்தான் என்று நான் சொன்னேன். "யாரு அவரு, ஃபிட்டரா?" என்று கேட்டார். இன்ஷூரன்ஸ்காரர் என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார்.

போன மாதம் ஒரு பம்ப் மூன்று வாரத்தில் 2.8-லிருந்து 6-க்கு ஏறியதை அந்த கிராஃபோடு கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அன்று மாலையே நிறுத்தினார்கள். பேரிங் மட்டும் மாற்றினார்கள், ஷாஃப்ட் பிழைத்தது. அன்று அவர் ஸ்க்ரூடிரைவரால் கேட்டதற்கும் மீட்டர் காட்டியதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றார். வித்தியாசம் ஒன்றுதான். இந்தத் தடவை அவர் சொன்னதும் மெஷின் நின்றது.